நடுவுல இருக்கிறவர்

இல்ல சார், அந்தச் சேர் வேண்டாம், அதுக்குக் கால் ஆடுது. இப்படி வாங்க. இந்த ஃபோம் மேலயே உக்காருங்க, ஒண்ணும் ஆகாது, கார் சீட்டுக்கு வெட்டி வச்சது. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தப் போயிருக்கார், வந்துருவார். பழமெல்லாம் எதுக்கு சார் வாங்கிட்டு வந்தீங்க. அவரால ஆப்பிளக் கடிக்க முடியாது. பரவால்ல, வச்சிருங்க. மசிச்சுக் குடுத்துக்கறேன்.

புரியுது சார். கம்பெனி மேல குடுத்த புகார நாங்க வாபஸ் வாங்கணும், அதுக்குத்தான் வந்திருக்கீங்க. வாங்கறதும் வாங்காததும் அவர் வந்து சொல்லட்டும். ஆனா வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, இது ரெண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவுல நடந்த சண்டை, கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு. அத மட்டும் கொஞ்சம் பேசுவமா? டீயக் குடிச்சுக்கிட்டே கேளுங்க.

அந்த இன்னொரு வாடிக்கையாளர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பேரக் கேக்கல சார், பேரு உங்க கம்ப்யூட்டருக்கே தெரியும். ஆள் யாருன்னு கேக்கறேன். அவர் ஒரு வெல்டர். பஸ் பாடி கட்டற பட்டறையில மீசை முளைக்கறதுக்கு முன்னாடி சேந்தவர். வயசாக வயசாகக் கண்ணு போயிட்டே இருந்துச்சு. படுத்தா கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்ட மாதிரி அறுக்குமாம். உருளைக்கிழங்கச் சீவி இமை மேல வச்சுக்கிட்டுத்தான் தூங்குவாராம். இனிமே நெருப்பப் பாத்தா மொத்தமாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டார். சரி, பட்டறைய விட்டுட்டு, ஆணி, பூட்டு, பெயிண்ட்டு விக்கற ஒரு சின்னக் கடைய வாங்கிப் போட்டுக்கிட்டு உக்காந்துரலாம்னு பாத்தார். அட்வான்ஸும் குடுத்தாச்சு. மீதி பூராவும் உங்க ஆப்ல இருந்துச்சு.

பேங்குல ஏன் போடலன்னா, அவருக்கு உங்க ஆப்பு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு சார். பணம் இருக்கிறவன் குடுக்கறான், தொழில் பண்றவன் கடன் வாங்கறான், நடுவுல நாங்க சும்மா ஒரு பாலம்னு விளம்பரத்துல சொன்னீங்கல்ல. அவர் குடுத்த பணத்துக்கு நேரா, கார் சீட்டு தைக்கிறவர், தையல் மெஷின் வாங்கன்னு போட்டிருந்துச்சாம். அத எல்லார்கிட்டயும் காட்டுவாராம். எவனோ ஒரு தொழிலாளி என் காசுல மெஷின் வாங்கி ஓட்டறான் பாருன்னு. அந்த எவனோதான் எங்க வீட்டுக்காரர். அந்த மெஷின்தான் அந்தா மூலையில மூடி வச்சிருக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னா, சொல்றேன், அவசரப்படாதீங்க.

கடைக்காரர் வச்ச கெடு நெருங்கிருச்சு. பணத்த எடுக்கலாம்னு ஆப்பத் தொறந்து அமுத்துனா, உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளதுன்னு வந்துச்சு. கூடவே ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவரால அந்தப் பொடி எழுத்தப் படிக்க முடியாது, அதனால தினமும் காலையில எழுந்ததும் சம்சாரத்துக்கிட்ட போனக் குடுத்துப் படிக்கச் சொல்லுவாராம். அந்தக்கா படிப்பாங்க. பரிசீலனையில் உள்ளது. மறுநாளும் அதே. ஒரு நாள் படிக்கும்போது அக்காவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஒரே வரிய எத்தன நாளைக்கு சார் மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டுப் படிக்கறது. கைல இருந்த எவர்சில்வர் டம்ளராலேயே முகத்துல அடிச்சுட்டார். புருவம் பிளந்துருச்சு. கல்யாணம் ஆன நாள்லேருந்து கை நீட்டுனதே இல்லையாம் சார். அடிச்சுட்டு, வழியற ரத்தத்தக்கூட துடைக்க விடாம, மறுபடியும் படின்னாராம். அக்கா ஒரு கண்ண மூடிக்கிட்டுப் படிச்சாங்களாம்.

கெடு தாண்டி, கடையும் போச்சு, அட்வான்ஸும் போச்சு. அதுக்கப்புறம்தான் அவர் உங்க ஆபீசுக்கு வந்தார். அன்னிக்கு வாசல்ல ஒரே கூட்டமாமே. எவனோ ஹெல்மெட்டால கண்ணாடிக் கதவ உடைச்சிருக்கான். உங்க செக்யூரிட்டி ஆளுங்க தடியோட எறங்கி, முன்னாடி நின்ன பொம்பளைங்க, பெரியவங்கன்னு பாக்காம விளாசியிருக்காங்க. வெல்டர் உடைச்சவரும் இல்ல, கத்துனவரும் இல்ல, ஓரமா நின்னவர். கண்ணு சரியாத் தெரியாததால ஓடவும் தெரியல. அவருக்குக் காது மடல் கிழிஞ்சு தொங்கிருச்சு. கண்ணாடித் தூள் மேலயே உக்காந்துட்டாராம்.

அப்ப ஆபீசுக்குள்ளேருந்து ஒரு மேனேஜர் வந்திருக்கார். வந்து, அவரக் கையப் புடிச்சுத் தூக்கி, ஏசி ரூம்ல உக்கார வச்சு, காதுக்குப் பஞ்சும் தண்ணியும் குடுத்திருக்கார். அந்த மேனேஜர் ரொம்ப நல்லாப் பேசுவாராம் சார். ஐயா, நாங்க நடுவுல இருக்கிறவங்க, எங்ககிட்ட உங்க காசு ஒரு பைசா கிடையாது, உங்க காசு இவர்கிட்டதான் இருக்கு, இவர் கட்டுனா அடுத்த நிமிஷம் உங்களுக்கு வந்துரும்னு சொல்லிட்டு, கம்ப்யூட்டர் ஸ்கிரீன அவர் பக்கம் திருப்பி வச்சுட்டு, ஒரு போன் பேசிட்டு வர்றேன்னு எழுந்து போயிட்டாராம். ஸ்கிரீன்ல எங்க வீட்டுக்காரர் போட்டோ, இந்த வீட்டு அட்ரஸ், மூணாவது மாடின்னு எல்லாம் பெரிய எழுத்துல. அவரால படிக்க முடியாதுன்னு தெரிஞ்சு பெருசு பண்ணி வச்சாங்களோ என்னமோ.

நான் நீங்கன்னு சொல்லலையே சார். ஒரு மேனேஜர்னுதானே சொன்னேன். டீ ஆறுது பாருங்க.

வெல்டர் இங்க வந்தப்ப நாங்க ரெண்டு பேரும் வேலையில இருந்தோம். இவர் மெஷின்ல, நான் கீழ உக்காந்து ரெக்ஸின் வெட்டிக்கிட்டிருக்கேன். கதவத் தட்டல, ஒதைச்சார். தாப்பா பிச்சுக்கிட்டு உள்ள விழுந்துச்சு. காதுல பஞ்சு, சட்டையெல்லாம் ரத்தம், கைல ஒரு கம்பி. பட்டறைக் கம்பி, இந்தத் தடிமன் இருக்கும். எங்க என் பணம்னார். இவருக்கு ஒண்ணுமே விளங்கல. யாருங்க நீங்கன்னார். கம்பெனிப் பேரச் சொன்னதும் இவருக்குச் சிரிப்பு. அட, அதெல்லாம் கட்டி முடிச்சாச்சுங்கன்னு சொன்னார். அப்ப விழுந்துச்சு முதல் அடி. மெஷின் மேல இருந்த கை மேல. இந்த முழங்கை உள்ள நொறுங்கற சத்தம் எனக்குக் கேட்டுச்சு சார். அதுக்கப்புறம் முட்டிக்காலு. இவர் கீழ விழுந்துட்டார். விழுந்தும் கட்டிட்டேன், கட்டிட்டேன்னுதான் கத்தறார். வேற என்ன கத்தறது. அந்த வார்த்தை வர வர அவருக்கு வெறி ஏறுது. கடைசியில அந்த வார்த்தை வர்ற வாய்லயே அடிச்சார். ரெண்டு தடவ. பல்லு என் மடியில வந்து விழுந்துச்சு.

நானா? என் கையில கத்திரி இருந்துச்சு. ரெக்ஸின் வெட்டற கத்திரி, கனமா இருக்கும். நான் எழுந்தது எனக்குத் தெரியல. தோள்பட்டைக்குக் கீழ, முதுகுல ஒரு குத்து. பிடி வரைக்கும் போயிருச்சு. புருஷன அடிக்கறானேன்னு கோபம் வந்துதான் குத்தியிருப்பேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. கோபமெல்லாம் வரல சார். ஒரு துணிய வெட்டற மாதிரிதான் இருந்துச்சு. அத நெனச்சாத்தான் எனக்கு இப்பவும் சோறு எறங்க மாட்டேங்குது. அவர் திரும்பி என்னப் பாத்தார். கம்பியக் கீழ போட்டுட்டு, எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே மெதுவாப் படுத்துட்டார். மூச்சு விட்டா முதுகுல நுரை வந்துச்சு. ரெண்டு பேர் ரத்தமும் ஒண்ணாச் சேந்து இங்க கிடந்த ஃபோமுக்கடியில ஓடுச்சு. அந்த ஃபோம எல்லாம் தூக்கிப் போட்டாச்சு, நீங்க உக்காந்திருக்கிறது புதுசு, பயப்படாதீங்க.

ரெண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸுல ஏத்துனாங்க. ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வேற இடம் இல்லையாம். இவருக்குத் தாடையக் கம்பி போட்டுக் கட்டிட்டாங்க, பேச முடியாது. அவருக்கு நெஞ்சுல குழாய், பேசக் கூடாது. ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஸ்டூலு. அந்த ஸ்டூல்ல ஒரு வேளை நான், ஒரு வேளை அந்தக்கா. மொத ரெண்டு மூணு நாள் மூஞ்சியக்கூடப் பாத்துக்கல. அவங்க புருஷன நான் குத்தியிருக்கேன், என் புருஷன அவங்க ஆள் நொறுக்கியிருக்கார், என்னத்தப் பேசறது. அப்பறம் ஒரு நாள் நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா இவரோட மூத்திரப் பைய அந்தக்கா மாத்திக்கிட்டிருக்காங்க. நிரம்பிருச்சும்மா, உங்கள எழுப்ப மனசு வரலன்னாங்க. அன்னிக்குத்தான் பேச ஆரம்பிச்சோம். பரிசீலனை, டம்ளர், கடை, காது, மேனேஜர் எல்லாம் அவங்க சொன்னதுதான்.

இவர் அதக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தார். முடிஞ்சதும் இடது கைய நீட்டி என் போனக் கேட்டார். கடன் கட்டுன மெசேஜ ஒவ்வொண்ணா எடுத்து, அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுனார். வெல்டரால எங்க படிக்க முடியும். அக்காதான் படிச்சாங்க, வழக்கம்போல. இந்த மாசத் தவணை பெறப்பட்டது. அடுத்த மாசத்தது பெறப்பட்டது. கடைசியா, உங்கள் கடன் முழுதும் முடிந்தது, நன்றி. வெல்டர் அவங்களப் பாத்தார், இவரப் பாத்தார், அப்பறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். குழாய் இழுக்கும், வலிக்கும், அப்படிப் படுக்கக் கூடாதுன்னு நர்சு திட்டுனாங்க. அவர் திரும்பவே இல்ல.

அதுக்கப்புறம் ஒரு நாள் என்னையும் அந்தக்காவையும் போலீஸ்ல கூப்பிட்டாங்க. என் மேலயும் கேஸ் இருக்குல்ல. திரும்பி வந்து பாக்கறேன், வெல்டர் ஸ்டூல்ல உக்காந்திருக்கார். குழாயையும் பாட்டிலையும் ஒரு கைல புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால இவருக்குப் பால் குடுத்துக்கிட்டிருக்கார். கம்பி போட்ட வாய்க்குள்ள ஸ்ட்ரா வழியாத்தான் போகும், பொறுமையாக் குடுக்கணும். ஸ்ட்ரா ஓட்டை தெரியாம தடவித் தடவி வைக்கறார். இவர் குடிக்கறார். ரெண்டு பேர் மூஞ்சியும் வேற பக்கம் இருக்கு. நான் உள்ள போகல சார், வெளிலயே நின்னுட்டேன்.

மன்னிப்பெல்லாம் அவர் கேக்கல. கேட்டிருந்தா இவர் மன்னிச்சிருக்க மாட்டார்னுதான் நெனைக்கறேன். தாடை கொஞ்சம் அசைய ஆரம்பிச்சதும் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்க ஆரம்பிச்சாங்க. என்ன பேசறீங்கன்னு கேட்டா, சும்மா தொழில் விஷயம்பாங்க. இதுக்குள்ள, வீடு வீடாத் தண்ணி கேன் போடறவர் ஒருத்தர் எதிர்க் கட்டிலுக்கு வந்தார். அவரையும் வீடு தேடி வந்து அடிச்சிருக்காங்க. அடிச்சது ஸ்கூல் வேன் ஓட்டறவர். அவரும் உங்க ஆபீசுல ஏசி ரூம்ல தண்ணி குடிச்சுட்டு வந்தவர்தான். அவருக்கும் ஒரு மேனேஜர் ஸ்கிரீனத் திருப்பி வச்சுட்டுப் போன் பேசப் போயிருக்கார். தண்ணி கேன்காரரும் கட்டி முடிச்சவர்தான் சார். அவர் ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போகல.

ஆமா, செத்துட்டார். உங்களுக்குத் தெரியாதா? சரி.

ஏன் எழுந்துட்டீங்க? வேர்க்குது உங்களுக்கு, ஃபேன் போடறேன். இல்ல சார், நான் உங்க மேல கோபமாவே இல்ல. சொன்னேனே, எனக்குக் கோபம் வர மாட்டேங்குது. நீங்க பழம் வாங்கிட்டு வந்திருக்கீங்க, நல்லாப் பேசறீங்க. உங்க ஆபீசு பூட்டியிருக்கு, உங்க போனு ஆஃப்பா இருக்கு, வீட்டக்கூட மாத்திட்டீங்க. உங்கள எங்க தேடறதுன்னுதான் அவங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா அலைஞ்சுக்கிட்டிருந்தாங்க. நீங்களே வருவீங்கன்னு நாங்க யாரும் எதிர்பாக்கல.

டீ போட உள்ள போனேன்ல, அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியிலேருந்து இங்க வர ஆகற நேரம் உங்கள உக்கார வைன்னாங்க. எனக்கு வேற என்ன பேசத் தெரியும், நடந்ததச் சொன்னேன்.

படியில கேக்குதா? ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறறது எங்க வீட்டுக்காரர். கூடவே நின்னு நின்னு வர்றது வெல்டர், அவருக்குப் படி தெரியாது, இவர் தோளப் புடிச்சுக்கிட்டு வர்றார். நேரம் ஆகும். கத்தணும்னா கத்திக்கோங்க சார். அன்னிக்கு நாங்களும் கத்துனோம். இந்த மாடியில யாரும் கதவத் தொறக்கறதில்ல.