கோழி அடையும் கூண்டு

திண்டிவனம் பஸ்ஸா சார்? இன்னும் நேரம் இருக்குது, குந்துங்க. மல்லாட்டை மில்லு, அதான் இந்த வேர்க்கடலை ஒடைக்கிற மில்லு, செக் பண்ண வந்த இன்ஸ்பெக்டரு நீங்கதானே? நானா? பச்சைமுத்து. ஒண்ணுத்துக்கும் ஒதவாத பையன் சார். அடுத்தவங்க குரல்ல பேசறதைத் தவிர ஒரு தொழிலும் தெரியாது. எட்மாஸ்டர் குரல்ல பள்ளிக்கூடத்துக்கு லீவு உட்டேன். அவரு எனக்கு மட்டும் நெரந்தரமா லீவு உட்டுட்டாரு.

உள்ள எல்லாம் சரியா இருந்துதா? பெல்ட்டுல கை மாட்டாம இருக்க மேல கம்பிக்கூண்டு, கூண்டுக்குச் சந்தனம், குங்குமம். அது ஆயுதபூஜைக்கும் உங்களுக்கும்தான் சார் வெளிய வரும். மத்த நாள்ல மொதலாளி வூட்டுக் கோழி அதுலதான் அடையுது. கம்பியில எறகு ஒட்டிகினு இருந்துச்சே, பாக்கலயா?

ஏன் கழட்டுறாங்களா? தோலு போயி கூண்டுல அடைச்சுக்குது, அடிக்கடி மோட்டாரை நிறுத்தணும். கூலியோ மூட்டைக் கணக்கு. நிறுத்தினா எவன் வயிறு ரொம்பும்? அதுக்குள்ள தேவநாதன் மொதலாளி வந்து நிப்பாரு. இருங்க, அவரு மாதிரியே சொல்றேன். ஏம்பா, மெஷினு தூங்குதா, தாலாட்டு பாடட்டுமா? எப்படி? தொந்தி மட்டும்தான் எனக்குக் கொறைச்சல்.

ஆயில் எஞ்சின் ஓடுன காலத்துல எப்பவாவது ஒருத்தருக்கு அடிபடும். மறுநாள் வாசல்ல பூசணிக்காய் ஒடைப்பாங்க, திருஷ்டியாம். கரண்ட் மோட்டாரு வந்துச்சு, வேகம் ஏறிச்சு, கூண்டு கோழிக்குப் போச்சு. இப்ப சீசன் வந்தா இந்தச் சிங்கவரம் ஊருல பொரியலுக்குக்கூட பூசணி மிஞ்சறதில்ல சார்.

சிரிக்கிறீங்க. ஆனா பஸ் வந்தா ஏறிடுவீங்க. ஏறாதீங்க சார். இப்பவே திரும்பி வந்து பாருங்க, கூண்டைக் கழட்டிட்டு ஓட்டிகினு இருப்பாங்க.

கேட்டு பூட்டியிருக்குமேன்னா? ஆமா, சாவி தேடுறேன்னு அந்த வாட்ச்மேன் உங்களை வெய்யில்ல நிக்க வெச்சாரு. எடது கையால சலாம் வேற போட்டாரு, நீங்க மொறைச்சீங்களாமே. அவரு வேலையே சாவி தேடுறதுதான். அதுக்குள்ள உள்ள கூண்டை மாட்டிடுவாங்க. இந்த வாட்டி நான் முன்னாடி போயி மொதலாளி குரல்ல ஒரு அதட்டு அதட்டுறேன். டேய் இளையபெருமாளு, கேட்டைத் தெறடா! சாவி ஒடனே கெடைச்சிடும்.

கண்டுபிடிச்சிட மாட்டாரான்னா கேக்குறீங்க? கண்டுபிடிப்பாரு சார். பெத்த நைனாவுக்கு எங்குரலு தெரியாதா? தெரிஞ்சும் தெறப்பாரு. போன தையில அவரு வலது கை அந்தப் பெல்ட்டுல போச்சு. ஒரு பூசணிக்காயை ஒடைச்சிட்டு, மிச்சக் கையில சாவிக்கொத்தைக் குடுத்தாங்க. அவரு நின்ன எடத்துல இப்ப எங்கம்மா நிக்குது.

அந்தா, உங்க பஸ்ஸு வந்துட்டுது. பையைக் குடுங்க சார், எந்தப் பக்கம் தூக்கினு வரட்டும்?