அறிக்கை வராத வரை வதந்தி

வாலாஜாபாத் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் ஏழெட்டு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். தாயின் செல்போனில் ஒரு நடிகரும் மனைவியும் பிரிவதாகச் சேர்ந்து அறிக்கை விட்ட செய்தி, தறிச் சத்தத்தில் காது மந்தமான எனக்கே கேட்கும் அளவுக்கு ஓடியது.

“எம்மா, ஸ்கூல்ல எங்கிட்ட உங்கப்பா வூட்ட வுட்டு பூட்டாராமேன்னு கேக்கறாங்க. அதெல்லாம் வதந்தின்னு சொல்லிட்டேன்.”

“ஏன்டி அப்டி சொன்ன?”

“பிரிஞ்சா ரெண்டு பேரும் சேந்து அறிக்கை வுடணும்ல? நீங்க வுடலியே, அப்ப வதந்திதான?”

தாய் செல்போனை அணைத்தாள். “அப்பா இனிமே வரமாட்டாருடி.”

“அப்ப அறிக்கையாவது வுடச் சொல்லுமா. குழந்தைய ரெண்டு பேரும் சேந்து பாத்துக்குவோம்னு கடைசில ஒரு வரி போடுவாங்கல்ல, அத மட்டும் போடச் சொல்லு.”

“எப்டிடி சொல்றது? நம்பரயே மாத்திக்கினு பூட்டாரு.”