முத்துவீரன் பேருக்கு அடித்த சாவுத் தப்பு

சாயங்காலம் ஆறே முக்கால்... தெஹியோவிட்ட பஜாரிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் ஈ காக்கை கிடையாது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். நடுவில் சதீஸின் த்ரீவீலர் மட்டும் முக்கி முக்கி ஏறுகிறது.

சதீஸ் என் கூட்டாளி. பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடும் அவனுக்கு. அவன் சித்தி வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். மண்சரிவுக்குப் பயந்து இந்த ஸ்கூல் ஹாலில் விடிய விடியக் குந்தியிருக்கத்தானே போகிறோம். மெழுகுதிரியை இப்படித் தள்ளுங்கள். விஜயகலா, பயந்தாங்கொள்ளி, இப்போதே போய்ப் படுத்துக்கொள். பிறகு என்னைத் திட்டாதே.

சரி. ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூட்டு வளைவில் ஒரு ஆள் நின்றான். கை காட்டினான். சதீஸ் ஏற்றிக்கொண்டான்.

"எங்கண்ணே போகணும்?"

மேலே, வரிசை வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் விரலை நீட்டினான். வண்டிக்குள் ஒரு நாற்றம். ரப்பர் ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டி வாரக்கணக்கில் போட்டு வைத்தால் வருமே... அது. பால் வெட்டுகிற ஆளாக்கும் என்று சதீஸ் நினைத்தான்.

புஷ்பம் சித்தி வாசல் வந்ததும் பின்னாலிருந்து தோளைத் தட்டினான். சதீஸ் நிறுத்தினான். சித்தி கதவைத் திறந்தாள். பார்த்தாள்... பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வந்துட்டீங்களா," என்றாள்.

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

அந்த ஆள் முத்துவீரன். சித்தியின் புருஷன். கொழும்புக்குக் கட்டட வேலைக்கு என்று போனவன். பதினைந்து வருஷமாக ஒரு போன் இல்லை, ஒரு தகவல் இல்லை. எங்கே போய்ச் சொன்னாலும் ஒரே பதில்: "வேற ஒருத்தியோட இருப்பான்." சித்தி மட்டும் பொட்டை அழிக்கவில்லை. பால் வெட்டியே மகள் ராகினியைப் படிக்கவைத்தாள். சதீஸ் அப்போது சின்னப் பயல், அதனால் ஆளை அடையாளம் தெரியவில்லை.

அவன் எப்படித் திரும்பி வந்தான்... அதைக் கேளுங்கள்.

ராகினி கொழும்பில் சங்கீதம் படிக்கிறாள். டிகிரி முடித்து அதற்கும் மேலே. கடைசியில் ஒரு ஓர்கெஸ்ட்ராவுக்கு அவளே இசை எழுதிக் காட்ட வேண்டும். முப்பது நாற்பது பேர் வயலின், செலோ, குழல் என்று உட்கார்ந்து வாசிப்பார்கள். எழுதியவள் முன்னால் நின்று கோலை ஆட்டி நடத்துவாள். அவளுடைய பேராசிரியர், உங்கள் தோட்டத்துச் சாவு மேளத்தை உள்ளே போடு, புதுசாக இருக்கும் என்றாராம். பாருங்களேன். லயத்தில் கிடக்கிற மனுஷன் ஒருத்தனுக்கும் வேண்டாம். லயத்துச் சத்தம் மட்டும் வேண்டும். வயிறு எரிகிறது எனக்கு.

போனில் பதிவு செய்துகொள்ள அவள் ராஜதுரையிடம் வந்தாள். நம் பக்கத்தில் எந்தச் சாவுக்கும் தப்பு மேளம் அடிப்பது அவர்தான். நெருப்பில் தப்பைக் காய்ச்சியவர் அடிக்காமல் நின்றார்.

"இத சும்மா அடிக்கக் கூடாது பாப்பா. செத்தவங்க பேரச் சொல்லணும். இல்லாட்டி லயத்துல யாரையாவது எடுத்துக்கும்."

"அப்ப எங்கப்பா பேரச் சொல்லி அடிங்க மாமா."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அந்தாளு இருந்தா என்ன, செத்தா என்ன. எங்களுக்கு எப்பவோ செத்தாச்சு."

முத்துவீரன் பேரைச் சொல்லி அடித்தார். ஆனால் முடிப்பு என்று ஒன்று இருக்கிறதே... பெட்டி குழிக்குள் இறங்கியதும் குழியோரம் நின்று அடிப்பது. 'போ, திரும்பிப் பார்க்காதே' என்று அனுப்புவது. குழி இல்லாமல் அதை அடிக்க மாட்டேன் என்று ராஜதுரை தப்பைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு இது போதும் மாமா," என்று அவளும் கொழும்புக்குப் போய்விட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். கூப்பிட்டாகிவிட்டது... அனுப்பவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம்தான் அவன் அந்த வளைவில் நின்றது.

"அப்பா வந்துட்டாரு பாப்பா," என்று சித்தி போன் செய்தாள். ராகினி பஸ் பிடித்து ஓடி வந்தாள். சித்தியின் ஒற்றை அறைக் காம்பராவில் யாருமில்லை. அதாவது... அவள் கண்ணுக்கு இல்லை. தரையில் இரண்டு தட்டுச் சோறு. மூக்கைத் துளைக்கிற ஒட்டுப்பால் நாற்றம். பக்கத்துக் காம்பராக்காரர்கள் ஆண்பிள்ளை இருமல் கேட்கிறது என்கிறார்கள். பெற்ற மகளுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

"பேச முடியல அவருக்கு. வாயத் தொறந்தா மண்ணா வருது," என்றாள் சித்தி. சிரித்துக்கொண்டே சொன்னாள் அதை.

ராகினி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். ராஜதுரை மாமாவிடம் முடிப்பு அடிக்கச் சொல்லலாம் என்றாள். சித்தி எழுந்து நின்றாள்.

"அத அடிச்சா அப்புறம் நான் யாருடி? தாலி அறுத்தவ. வந்த மனுஷன மேளம் அடிச்சு வெரட்டச் சொல்றியா? இதுக்காடி ஒன்னப் படிக்க வெச்சேன்?"



சித்தி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ஆனால் முகத்தில் மட்டும் புதுப் பெண்ணின் களை. இவளையும் கூட்டிக்கொண்டுதான் போவான் என்று லயமே பேசியது. அங்கே கொழும்பில் பேராசிரியர் வேறு, உன் இசைக்கு முடிவே இல்லை, அந்தரத்தில் நிற்கிறது, இப்படிக் கொடுத்தால் பாஸ் ஆக மாட்டாய் என்கிறார். ராகினி முடிவெடுத்தாள். ராஜதுரையிடம் போய் அழுதாள். அவர் தப்பைத் தொடவில்லை, முடிப்பை வாயால் சொல்லிக் கொடுத்தார். அதை அப்படியே ஓர்கெஸ்ட்ராவின் பெரிய முரசுக்கு எழுதினாள். படிப்புக்குப் படிப்பும் முடியும், அம்மாவும் பிழைப்பாள் என்பது அவள் கணக்கு.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பரீட்சை நாளில் சதீஸ்தான் வேன் பிடித்துச் சித்தியைக் கொழும்புக்குக் கூட்டிப் போனான். மகள் மேடை ஏறுகிறாள் என்று சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய மண்டபம், ஏசி. சித்தி பக்கத்து சீட்டில் யாரையும் உட்காரவிடவில்லை. பெரிய இடத்துச் சிங்கள நோனா ஒருத்தி வந்தாள்... மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனாள்.

ராகினி சனத்துக்கு முதுகைக் காட்டி நின்று கோலைத் தூக்கினாள். வயலின்கள் முனகின. குழல் ஏறியது... கடைசியில் முரசு. டம்... டம்... டம்.

முடிப்பு.

அடி விழ விழ அந்த நாற்றம் குறைந்து குறைந்து இல்லாமல் போனது என்கிறான் சதீஸ். சித்தி சட்டென்று எழுந்தாள்.

"இருங்க. நானும் வாறேன்," என்றாள். நடந்தாள். சதீஸ் எட்டிப் பிடிப்பதற்குள் சனமெல்லாம் எழுந்து நின்று கை தட்டத் தொடங்கிவிட்டது. ராகினி திரும்பியபோது இரண்டு சீட்டும் காலி.

விஜயகலா, என் கையை விடு. நகம் படுகிறது.

வாசலில் காவலுக்கு இருந்த வோச்சரிடம் சதீஸ் சிங்களத்தில் கேட்டான். மேடைக்குக் கீழே உட்காருகிற கதிரைகளை அடுக்கி வைக்கிற அறை இருக்கிறது, அம்மா அங்கே இறங்கிப் போனார் என்றார் அவர். சதீஸும் ராகினியும் போன் வெளிச்சத்தில் இறங்கினார்கள். அங்கே கொங்கிறீட் தரையில் சித்தி குப்புறப் படுத்திருந்தாள். காதைத் தரையில் வைத்து... ஒரு கையால் தரையைத் தடவிக்கொண்டு.

பின்னாலேயே வந்த வோச்சரிடம் சதீஸ் இந்த மண்டபம் எப்போது கட்டினது என்று கேட்டான். அவர் சொன்னது முத்துவீரன் தோட்டத்தை விட்டுப் போன வருஷம். அப்போது அத்திவாரக் குழியில் மண் சரிந்ததாம். தோண்டிப் பார்க்காமல் அப்படியே கொங்கிறீட் போட்டார்களாம். உள்ளே யார் இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம்.

ராகினி, "அம்மா, எந்திரிங்கம்மா," என்று அழுதுகொண்டே பக்கத்தில் போனாள். சித்தி தலையைத் தூக்கவில்லை.

"மெதுவா வா," என்றாள். "இவ்வளவு நேரமும் அப்பா நெஞ்சு மேல நின்னுதான் அடிச்ச."