அடியில பேர் ஒட்டின தட்டு

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். ஆறு மாசத்துல காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்கு ரிப்பேருன்னு விட்டேன். ஒம்போது வருஷமா ஆடுது.

பேரா? தாஜுதீன் பாபிகர். சூடான்ல டாக்டருக்குப் படிச்சேன், ஓம்துர்மான் ஊரு. இங்க அயர்லாந்துல நெஞ்சு நோய் வார்டு. ம்ம், எங்கள மாதிரி வெளிநாட்டு டாக்டருங்க ஏன் இருக்காங்க, ஏன் போறாங்கன்னு உங்க கேள்வித்தாள்ல கட்டம் கட்டமாப் போட்டிருக்கீங்க. நல்லாருக்கு.

மழையா? மழைக்காக யாரும் போகலம்மா. என்கூட வந்தவங்க ஏழு பேர், ஒருத்தரும் இப்ப இல்ல. எங்களுக்கு வேலை எப்பவும் ஆறாறு மாசந்தான். ஸ்பெஷலிஸ்ட் ஆகுற சீட்டு மொதல்ல இங்க படிச்சவங்களுக்கு. கோர்மாக்னு ஒருத்தரு, நெஞ்சுல குழா போட நாந்தான் கையப் புடிச்சுக் காட்டுனேன். இப்ப அவருதான் எனக்கு மேல. தங்கமான மனுஷன். என் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போடுறப்ப மட்டும் நிமிந்து பாக்க மாட்டாரு.

நான் ஏன் இருந்தேனா? அதுக்கு உங்க தாள்ல கட்டம் இல்லியே.

ரெண்டு வருஷம் முன்ன எங்கம்மா தவறிட்டாங்க. ஊர்ல சண்ட, ஏர்போர்ட்ட மூடிட்டாங்க. நான் யார்கிட்டயும் சொல்லாம வார்டுக்குப் போயிட்டேன். தரை தொடைக்கிற பிரைடியம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். சாயந்திரம் கதவத் தொறந்தா தெருமுனை வரைக்கும் வரிசை. நான் வைத்தியம் பாத்தவங்க, பாக்காதவங்க, தபால்காரரு, எல்லாரும். சாவு வீட்டுக்கு இங்க எப்படி வருவாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா. ஒவ்வொருத்தரா கையப் புடிச்சுட்டுப் போனாங்க. எங்க ஊர்லயும் இப்படித்தாம்மா. எங்கம்மா உடம்பு மட்டுந்தான் இங்க இல்ல. அப்பத்தான் அழுதேன்.

சாண்ட்விச் வேற கொண்டாந்தாங்க. பூரா பன்னிக்கறி. நான் முழிச்சதப் பாத்து பிரைடியம்மாவுக்குப் புரிஞ்சு, கறிய மட்டும் உருவிட்டு ரொட்டிய நீட்டுனாங்க. சாப்பிட்டேன். அத எழுதாதீங்க, எங்கண்ணன் படிச்சிருவாரு.

அந்தத் தட்டுங்கதான் அதோ, மேசை மேல. பதினொண்ணு. அடியில பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருக்கும், திரும்பி வரணும்ல. எங்கூர்ல வெறுந்தட்டத் திருப்பிக் குடுக்க மாட்டோம். என்ன வச்சுக் குடுக்கலாம்னு யோசிச்சே ரெண்டு வருஷம் போச்சு. இன்னிக்குக் காலையிலதான் எல்லாத்துலயும் பேரீச்சம்பழம் வச்சேன்.

உங்ககிட்ட கார் இருக்குல்ல? போற வழியில குடுத்துட்டுப் போயிருங்களேன். எல்லாம் இந்த ரெண்டு தெருவுலதான்.

நானா? எனக்கு நாலு மணிக்கு ஏர்போர்ட் பஸ்ஸு. ஆஸ்திரேலியாவுல நிரந்தர வேலை குடுத்திருக்காங்க. ஊருக்குள்ள லீவுன்னு சொல்லி வச்சிருக்கேன். தெரிஞ்சா மறுபடி வரிசை கட்டி வந்துருவாங்கம்மா. அந்தக் கைங்களப் புடிச்சா நான் பஸ் ஏற மாட்டேன்.

பிரைடியம்மா தட்ட மட்டும் கடைசியாக் குடுங்க, நாலு மணிக்கு மேல. உங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவாங்க.