கோந்து அண்ணாச்சி

டீ நன்றாக இருந்தது. கிளப் டீ என்றாலே வெந்நீருக்குத் தூளைக் காட்டிவிட்டுக் கொண்டுவருவார்கள். உங்களுடையதில் இஞ்சிகூடத் தட்டிப் போட்டிருந்தது. அந்த மரியாதைக்காகத்தான் நீங்கள் வாசித்த அறிக்கையைக் குறுக்கே பேசாமல் கேட்டேன். கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். போடுகிறேன். ஒரே ஒரு சொல்தான் இடிக்கிறது. 'ஸ்நூக்கர் இறுதி ஆட்டத்தில் குச்சியின் டிப் கழன்றதற்குக் காரணம் ஒட்டியவரின் கைத்தவறு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கைத்தவறை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

புகார் கொடுத்த ஜோஸ்பின் என் மகள். தோற்றவளும் அவள்தான். ஜெயித்திருந்தால் ஒரு பெரிய கம்பெனியில் விளையாட்டுப் பிரிவில் வேலை கிடைத்திருக்கும். சாப்பாட்டு இடைவேளையில் குச்சிகளை வைத்திருந்த அறைக்குள் யாரோ புகுந்து தன் குச்சியில் கைவைத்திருக்கிறார்கள் என்பது அவள் வாதம். யாரோ வேண்டுமென்றே செய்தார்கள் என்று தெரிந்தால் ஆட்டத்தை மறுபடி வைப்பீர்கள்; கைத்தவறு என்றால் தோற்றது தோற்றதுதான். விஷயம் அவ்வளவுதானே. சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூவரும் பெரிய ஆட்டக்காரர்கள். ஆனால் குச்சியின் முனையில் டிப் என்று சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தோல் வில்லை இருக்கிறதே, அது எந்தப் பிடிமானத்தில் அங்கே நிற்கிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள். உங்களை யோசிக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.

நான் தாராவியில் தோல் பை செய்யும் பட்டறையில் வேலை கற்றவன். பிறகு செம்பூரில் ஒரு பூல் பார்லரின் மூலையில் மேஜை போட்டுக்கொண்டேன். பசை என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்களோடு நான் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஒரு சொட்டு விட்டதும் பிடித்துக்கொள்ளும் பசை இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு உகந்தது. கல் மாதிரி இறுகும்; இறுகியதாலேயே ஒரு நாள் பட்டென்று விடும். இரண்டு குழாயில் வரும் பசையைக் கலந்து ஒட்டினால் உடும்புப் பிடிதான், ஆனால் அடுத்த டிப் மாற்றும்போது குச்சியே சிதையும். என் கை எப்போதும் போவது சொல்யூஷனுக்குத்தான். எங்கள் தாராவிப் பட்டறைகளில் தோலோடு தோலை ஒட்டும் மஞ்சள் பசை. டிப்பின் அடியிலும் குச்சி முனையிலும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். அடி விழும்போது தோலோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் கொடுக்கும், வாங்கும். பொறுமை இல்லாதவனுக்கு அது வசப்படாது.

கோந்து என்பது வேறு. கோந்து காகிதத்துக்கு.

இந்த வித்தியாசத்தை என் மகளுக்குக் குச்சி பிடிக்கும் வயதிலேயே சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் சொல்யூஷன் என்றுதான் சொல்வாள். அதனால்தான் அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஆகிவிட்டது.

அரை இறுதியில் அவள் ஜெயித்த அன்று, எவனோ ஒருவன் மொபைலை நீட்டி அப்பா என்ன செய்கிறார் என்று இந்தியில் கேட்டிருக்கிறான். இவள் சிரித்துக்கொண்டே, "பப்பா க்யூ மே கோந்த் லகாத்தே ஹைன்" என்றாள். அப்பா குச்சிக்குக் கோந்து தடவுகிறவர். இந்திக்காரர்களுக்குச் சொல்யூஷன் என்றால் விளங்காது, அதனால் அப்படிச் சொன்னாள் என்றாள் என் மனைவி ரோஸி. விளங்காவிட்டால் விளக்கட்டுமே. அதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வீடியோ எங்கள் தாராவிச் சந்து முழுக்க ஓடியது. மறுநாள் டீக்கடையில் முகைதீன், "கோந்து அண்ணாச்சி, டீ கட்டிங்கா, ஃபுல்லா?" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பாசமாகத்தான் சிரித்தார்கள், அதை மறுக்கவில்லை. மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "ஜோஸ்பின் அப்பா, மகள நெனச்சா பெருமையா இருக்கு" என்றார்கள். எனக்கும் பெருமைதான். அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சந்து முனையில் கட்டியதே நான்தான். கீழே என் பெயரையும் போட்டிருந்தேன். யாரும் அதைப் படிக்கவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் வேறு என்ன செய்யும்.

அந்த வாரம் சாப்பிடும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். "வேல கெடச்சா குவார்ட்டர்ஸ் தருவாங்க பப்பா. நீங்க இனிமே அந்த மூலயில குனிஞ்சி குனிஞ்சி ஒட்ட வேண்டாம். வீட்டுல சும்மா இருங்க."

சும்மா இருங்க. பெற்ற பிள்ளை வாயால். நான் மீன் முள்ளைப் பார்த்து எடுத்துக்கொண்டே, சரி தாயி என்றேன். நான் கோபக்காரன் இல்லை. பார்லரில் கேட்டுப் பாருங்கள், பசையுள்ள பார்ட்டிகள் எத்தனையோ பேர் குச்சியை மேஜையில் வீசிவிட்டுப் போவார்கள். ஒருத்தரிடமும் முகம் சுளித்ததில்லை. அன்றும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு யோசனைதான் வந்தது. கோந்து, கோந்து என்கிறாளே, கோந்து எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குப் பட்டால்தான் தெரியும். அது கற்பிப்பதில் சேர்த்திதானே?

மாதா கோவில் திருவிழா அழைப்பிதழ்களுக்குக் கவர் ஒட்டுகிற வேலை ரோஸியிடம் இருந்தது. அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"என்னங்க, கவர் ஒட்டுத கோந்த எங்க கொண்டு போறிய?"

"ஒரு சோலி இருக்கு."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். சும்மா கோந்தைத் தடவி டிப்பை வைத்தால் என்ன ஆகும்? இரண்டு அடிக்குள் கழன்றுவிடும். அவள் பயிற்சியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒட்டவும் வேண்டும், ஒட்டாமலும் இருக்க வேண்டும். மெதுவாக அடித்தால் தாங்க வேண்டும். முழு வேகத்தில் அடித்தால் விட வேண்டும். பார்லரில் பழைய குச்சிகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். வெறும் கோந்து, தண்ணீர் விட்ட கோந்து, மாவு கலந்த கோந்து. ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் முகத்துக்குப் போடுகிற பவுடரை ஒரு சிட்டிகை கலந்து, ஒரு பக்கம் மட்டும் தடவி, ஃபேனுக்குக் கீழே காயவைத்தபோது நான் நினைத்தது கிடைத்தது. இந்த ஊரில் இதை வேறொருவர் செய்துவிட முடியுமா? செய்யட்டும், பார்க்கிறேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அவள் குச்சியை என்னிடம் நீட்டி, "பப்பா, டிப்பு தேஞ்சிட்டு" என்றாள். புது டிப் போட்டுக் கொடுத்தேன். புதுசு, இன்றைக்கு மெதுவாக அடித்துப் பழகு, வேகமெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள் என்றேன். தலையாட்டினாள். ஆட்ட விஷயத்தில் நான் சொன்னதை அவள் தட்டியதே கிடையாது.

மறுநாள் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அவள் எப்போதும் தடவிக் கொடுத்து ஆடுகிறவள், அதனால் கடைசி ஃபிரேம் வரைக்கும் தாங்கியது. எனக்கே ஆச்சரியம், கொஞ்சம் கவலையும்கூட. மேஜையில் இளஞ்சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் மிச்சம். இரண்டையும் குழியில் போட்டால் கோப்பை. இளஞ்சிவப்பு தூரத்தில் இருந்தது. வேறு வழியில்லாமல் வீசி அடித்தாள். பந்து விழுந்தது. டிப்பும் விழுந்தது. பச்சைத் துணியில் உருண்டு போய்க் கறுப்புப் பந்துக்குப் பக்கத்தில் நின்றது. ஹாலில் எல்லோரும் ஐயோ என்றார்கள். நான் என் வேலைப்பாட்டைப் பார்த்தேன். சுத்தமாக, ஒரு துணுக்குத் தோல்கூடப் பிய்யாமல் வந்திருந்தது.

நடுவர் ஒட்டிக்கொள்ள நேரம் கொடுத்தார். அவள் நான் உட்கார்ந்திருந்த வரிசைக்கு ஓடி வந்தாள். உதடு வெளிறிப்போயிருந்தது.

"பப்பா, சொல்யூஷன் வச்சிருக்கியளா?"

பார்த்தீர்களா? அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால் சரியான பெயரைச் சொல்ல அவளால் முடியும். தேவை என்று வந்தால் முடியும்.

டப்பா என் பையில்தான் இருந்தது. அது இல்லாமல் நான் மாதா கோவிலுக்குக்கூடப் போவதில்லை. "இல்ல தாயி, வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்றேன். சொல்யூஷன் என்றால் காய நேரம் வேண்டும், நடுவர் கொடுத்த நேரத்தில் அவசரமாக ஒட்டினால் நிற்காது, என் பெயர் கெட்டுவிடும். அதையும் நினைத்துத்தான் சொன்னேன். அவள் கிளப் குச்சி ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். பழகாத குச்சி. கறுப்பைத் தவறவிட்டாள். தாணேயிலிருந்து எதிர்த்து ஆட வந்த பெண் அதைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே வந்தாள். கிளப் இருக்கும் மாட்டுங்காவில் ஏறினால் எங்கள் தாராவிக்கு அடுத்த ஸ்டேஷன்தான் என்றாலும் அன்றைக்கு அது வந்து சேரவே இல்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்பனை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? குவார்ட்டர்ஸ் கொடுக்கிற கம்பெனியா வந்து தடவப் போகிறது?

அதோடு முடிந்திருக்கும். அவள்தான் விடவில்லை, புகார் எழுதினாள். சற்று முன் அதையும் வாசித்தீர்கள். அதில் ஒரு வரி: 'மேரே பப்பா கா கோந்த் கபி நஹி நிகல்தா.' என் அப்பா ஒட்டிய கோந்து ஒருநாளும் கழன்றதில்லை, ஆகையால் இது வேறு யாரோ செய்த வேலை. அதை வாசித்தபோது உங்களில் கண்ணாடி போட்டவர் சங்கடப்பட்டு என்னைப் பார்த்தார். மகள் இவ்வளவு நம்புகிறாளே, இந்த ஆள் சொதப்பிவிட்டாரே என்று பரிதாபப்பட்டிருப்பீர்கள். எனக்குப் பட்டது வேறு. எழுத்தில் போடும்போதும் கோந்துதான்.

அதற்கு மேல் உங்கள் அறிக்கை. கைத்தவறு. நான் செத்தாலும் அதில் கையெழுத்து விழாது. என் கை தவறவில்லை. எந்த அடிக்குக் கழல வேண்டும் என்று நினைத்தேனோ அந்த அடிக்குத்தான் கழன்றது. வேண்டுமென்றே செய்தது என்று மாற்றி எழுதுங்கள், என் பெயரை முழுதாகப் போடுங்கள்: தா. ஞானசேகரன், செம்பூர் பார்லர். ஆட்டத்தை மறுபடி வைக்க வேண்டியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. குச்சியைப் பற்றிப் பயம் வேண்டாம். இன்று காலைதான் என்னிடம் கொடுத்து ஒட்டி வாங்கினாள். சொல்யூஷனில் ஒட்டியிருக்கிறேன்.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இதையெல்லாம் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு அவ்வளவாகப் பேச வராது. ஆனால் சொல்லும்போது பவுடர் கலந்த கோந்து என்று சொல்லுங்கள். வெறும் கோந்து என்று சொன்னால், அப்பனுக்கு வேலை தெரியாது என்று பிள்ளை நினைத்துவிடும்.