நண்டுத்தின்னியைப் பார்த்த இரண்டு பேர்

பறவை பார்க்கப் போகிறவன் வெள்ளைச் சட்டை போடக்கூடாது, சார். தூரத்திலேயே பறவைக்குத் தெரிந்துவிடும். சுந்தரபாண்டியனிடம் பலமுறை சொல்லியாயிற்று. கேட்கிற ஆள் இல்லை. பட்டாளத்தில் பச்சையே போட்டு அலுத்துவிட்டது என்பான். நேற்றும் வெள்ளையில்தான் வந்தான். அதனால் அவன் எந்த இடத்தில் நின்றான் என்பது கடைசிவரை எனக்கு நன்றாகத் தெரிந்தது.

என் பெயர் வைகுண்டராஜ். இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் மில் சாமான் கடை வைத்திருக்கிறேன். அவனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். எண்பத்தேழில், செண்பகத்தோப்புக் காட்டோரம் பைனாகுலரும் கழுத்துமாக அலைந்தபோது பழக்கமானோம். ஏழெட்டு வருஷத்தில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. அவனைப்போல் ஒரு சிநேகிதன் கிடைப்பது கஷ்டம்.

போன வருஷம் இதே புன்னைக்காயலுக்குத் தனியாக வந்திருந்தேன். ஆறு கடலில் விழுகிற இடத்தில் நண்டுத்தின்னி ஒன்றைக் கண்டேன். வெள்ளை உடம்பு, கறுத்த முதுகு, தடித்த அலகு. கடல் தாண்டி வருவது, லேசில் கண்ணில் படாது. மதுரையில் எங்கள் பறவைக் குழுவில் போய்ச் சொன்னேன். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. அபூர்வமான பறவை என்றால் ஒருவர் பார்த்தது செல்லாது, கூட இன்னொருவரும் பார்த்திருக்க வேண்டும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காமராஜ் என்று ஒரு வாத்தியார், "அண்ணாச்சிக்குக் கொக்கைக் கண்டாலும் பூநாரைதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே யாராவது "கொக்கு" என்று முனகுவார்கள். கடையில் என் வாய்வார்த்தைக்குச் சரக்கு இறங்கும், சார். அப்பேர்ப்பட்டவன் அங்கே புளுகன் ஆகிவிட்டேன். ராத்திரியெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் கேட்டது.

அதனால்தான் சாட்சிக்கு இவனைக் கூட்டி வந்தேன். சுந்தரபாண்டியன் பார்த்தேன் என்றால் மதுரையில் மறுபேச்சு கிடையாது.

ஐப்பசி வானத்தை நம்ப முடியாது. சுள்ளென்று அடிக்கும் வெயில், அடுத்த நிமிஷமே தூறும். ஆற்று வாயில் முழங்கால் தண்ணீரைக் கடந்து நடுவிலிருந்த மணல் திட்டுக்குப் போனோம். அவன் காலில் எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறது, தனியாகத் தண்ணீரில் இறங்க முடியாது. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மழை வலுத்த நேரம் பார்த்து நண்டுத்தின்னி பறந்தது. காட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

"மழைக்குள்ள என்னமோ வெள்ளையாப் போச்சு. ஆலாப் பறவையா இருக்கும். பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல என்னால ஏலாது, வைகுண்டம்."

என் முகம் அவனுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"கோவிச்சுக்கிடாத. எம்புட்டு நேரமானாலும் இங்கனயே நின்னு பாப்போம். வந்தா நானே மொத ஆளாச் சொல்லுதேன்."

குடை எடுத்து வருகிறேன் என்று நான் மட்டும் கரைக்கு வந்தேன். நாங்கள் வந்த காரின் பக்கத்தில் ஒரு வலைக்காரர் நின்றார். "அண்ணாச்சி, மேக்க நல்ல மழை. ஆத்துல வெள்ளம் வருதாம். செத்த நேரத்துல திட்டு முங்கிரும், அவியளக் கூப்பிட்டுருங்க. இல்லன்னா நான் வள்ளத்தைக் கொண்டு போகட்டா?" என்று கேட்டார். "வேண்டாம், இந்தா நான் கூப்பிடுதேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நல்ல மனுஷன். அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை.

பிறகு காரில் உட்கார்ந்தேன். பசித்தது. அவன் மனைவி வேலுத்தாய் ஆளுக்கொரு பொட்டலம் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். என்னுடையதைச் சாப்பிட்டேன். வீணாகப் போகுமே என்று அவனுடையதையும் சாப்பிட்டேன். அதற்குள் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, திட்டின் ஓரங்கள் கரையத் தொடங்கின. காற்று கடலிலிருந்து அடித்ததால் அவன் கூப்பிட்டது தெளிவாகக் கேட்டது. என் பெயரைத்தான் சொன்னான்.

வலைக்காரர் வீடு கூப்பிடு தூரம்தான். நான் போகவில்லை. திரும்பி வந்தால் அவன் மதுரையில் என்ன சொல்லுவான் என்பது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அவனைச் சாகவிட்டேன். இதை நீங்கள் அடித்துக் கேட்க வேண்டியதில்லை.

தண்ணீர் அவன் மார்புக்கு வந்தபோது காரைவிட்டு இறங்கி நின்று பைனாகுலரில் பார்த்தேன். அப்போதுதான் அவனுக்குப் பின்னால் தாழப் பறந்து அது வந்தது. லென்சில் மழை வழிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அதுதான், சந்தேகமே இல்லை. அதே நேரம் சுந்தரபாண்டியன் கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினான். உதவிக்கு ஆட்டியிருப்பான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அவனை உங்களுக்குத் தெரியாது, சார். சொன்ன சொல் தவறாதவன். அந்த நிலையிலும் எனக்குப் பறவையைக் காட்டினான். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பார்த்தவர்கள் இரண்டு பேர் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.