பொட்டழித்த கை

ராசிபுரத்தில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“நான் வேல செய்யற பங்களாவுல புதுசா வெண்கலச் செல வெச்சாங்கக்கா. வயசுப் பொண்ணு, தலையெல்லாம் பூவும் துளிரும். அம்மன்னு நெனச்சுத் தெனமும் குங்குமம் வெச்சுக் கும்பிட்டேன்.”

“அதுக்கென்ன இப்ப?”

“அது சாமியில்ல, வசந்த காலத்தப் பொண்ணாட்டம் செஞ்சதுன்னு அந்தூட்டம்மா திட்டுனாங்க. காலையில என்னையவே அழிக்கச் சொல்லிப்போட்டாங்க. அழிச்சுட்டேன்.”

“வெறும் செலதான புள்ள, உடு.”

“பொண்ணு நெத்தியில பொட்டழிச்ச கைங்கக்கா இது. எங்கூட்டுக்காரரு சங்ககிரில லோடு ஏத்திட்டுப் போயிருக்காரு. நான் அழிச்சதுலயிருந்து போன எடுக்க மாட்டேங்கறாரு.”

மூத்தவள் தன் நெற்றிப் பொட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.